வழியடைத்த காலமும் வாழ்நாள் நோயாளரும்

(ஆண்டு விழாவின் பகல் அமர்வில் நிகழ்த்திய உரை)

இசையும் கூத்தும் இலக்கியமும் கூடும் ஆண்டு விழாவில் நோயைப் பற்றியும் ஊரடங்கைப் பற்றியும் ஓர் உரை எதற்கு என்று சிலர் கருதலாம். விழாக் குழுவினர் இப்பொருளைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நீரிழிவோ இரத்த அழுத்தமோ நுழையாத இல்லம் இவ்வவையில் எத்தனை என்று எண்ணத் தொடங்கினால் ஒரு கை விரல்களே மிகுதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடெங்கும் நடத்தப்பெற்று 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவுடையோர் தொகை 10 கோடியைத் தாண்டிவிட்டது என்று கூறுகிறது. நாம் பேசப்போவது நம் வீட்டுச் செய்தியைத்தான்.

கல்கத்தாவில் வாழும் தமிழராகிய நம்மை இந்நகரத்தார் எதைக்கொண்டு அறிகின்றனர்? லேக் மார்க்கெட்டின் வாழையிலையையும் காப்பிப் பொடியையும் கொண்டு சிலர் அறிவர்; இட்டலி தோசை கொண்டு பலர் அறிவர். ஆனால் முர்ஷிதாபாத்திலிருந்தோ மேதினிபூரிலிருந்தோ வரும் ஒருவரிடம் தமிழ்நாடு என்று சொல்லிப் பாருங்கள். அவர் வாயில் முதலில் வருவது சென்னையுமன்று, மதுரையுமன்று, வேலூர் என்பதேயாகும். 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய சிறு மருத்துவமனை, பின்னர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து, 1971-இல் உயிருள்ளவர் தந்த சிறுநீரகத்தைப் பிறர்க்குப் பொருத்தும் அறுவையை நாட்டிலேயே முதன்முதலாக வெற்றியுடன் செய்து முடித்தது. அந்தப் புகழ் வங்கத்துச் சிற்றூர்கள்வரை பரவியிருக்கிறது. ஹவுராவிலிருந்து காட்பாடி ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர். ஒரு பகலும் ஓர் இரவும் கடந்து அங்கே இறங்குகின்ற வங்காளியர்க்கு, வேலூர்க் காந்தி சாலையில் தம் தாய்மொழியிலேயே எழுதிய பெயர்ப்பலகைகள் காத்திருக்கும். அடுப்போடு கூடிய அறையை வாடகைக்கு எடுத்து, மீன்குழம்பு சமைத்து உண்டு, மாதக்கணக்கில் தங்கி மருத்துவம் பார்ப்பர். தமிழ் தெரியாமலே தமிழகத்தில் இவ்வளவு காலம் வாழ்ந்து திரும்புவோர் வேறு யாரும் இரார் என்று நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இந்த வழிதான் 2020-ஆம் ஆண்டு மார்ச்சில் அடைபட்டது.

அவ்வாண்டு மார்ச்சு 22-இல் மக்கள் ஊரடங்கு. அன்றிரவோடு பயணிகள் இரயில்கள் நின்றன. 24-ஆம் நாள் இரவு எட்டு மணிக்குத் தலைமை அமைச்சர் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தோன்றி, நள்ளிரவு முதல் நாடு முழுவதும் 21 நாட்கள் முடங்கும் என்று அறிவித்தார். ஆயத்தம் செய்துகொள்ள மக்களுக்குக் கிடைத்தது நான்கு மணி நேரம். 21 நாட்கள் என்றது மே 3 வரை, பிறகு மே 17 வரை, பிறகு மே 31 வரை நீண்டது. மருத்துவமனைகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் விலக்கு உண்டென ஆணை கூறியது மெய்யே. கதவு திறந்திருந்தது, கதவுக்குப் போகும் பாதைதான் இல்லை. டெல்லி எய்ம்ஸ் போன்ற பெருநிலையங்களோ மார்ச்சு 24 முதல் வெளிநோயாளர் பிரிவையே மூடிவிட்டன. நாம் இன்று வலியுறுத்த விரும்புவதன் சாரம் இவ்வளவே: மருந்தோ மருத்துவரோ இல்லாமையினும், இரண்டுக்கும் நோயாளருக்கும் இடையில் இருந்த வழி அறுபட்டமையே பெருங்கேடு விளைத்தது.

அந்நாட்களில் நம் உறுப்பினர் இல்லங்களில் ஒலித்த தொலைபேசிகளை இங்குள்ளோர் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். அண்டை வீட்டு வங்காள அன்பர் தயங்கித் தயங்கிக் கேட்பார்: “தாதா, என் மைத்துனர் வேலூரில் அகப்பட்டுக்கொண்டார். விடுதிக்காரரிடம் பேச வேண்டும். அவர் சொல்வது இவருக்கு விளங்கவில்லை, இவர் சொல்வது அவருக்கு விளங்கவில்லை.” மூவரும் ஒரே அழைப்பில் இணைவோம். மைத்துனரின் மனைவிக்குச் சிறுநீரக நோய். பத்து நாள் தங்குவதற்கென்று கொண்டுவந்த பணம் நாற்பதாம் நாளை எட்டியிருந்தது. நாம் தமிழில் எடுத்துச் சொன்னதும் மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பின் விடுதிக்காரர் சொன்னார்: “ஐயா, எங்களுக்கும் மின்கட்டணம் வருகிறது, ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது. பாதி வாடகை கொடுக்கச் சொல்லுங்கள். அதையும் ஊருக்குப் போன பிறகு அனுப்பட்டும். அந்த அம்மாவுக்கு உப்பில்லாத சாப்பாடு வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே?” இப்படி முடிந்த அழைப்புகள் உண்டு, முடியாத அழைப்புகளும் உண்டு. ஆம்புலன்சை வாடகைக்கு அமர்த்தி, கையிலிருந்த நகையை விற்று, மூன்று மாநிலங்களைச் சாலை வழியே கடந்து ஊர் வந்து சேர்ந்தோரும் இருந்தனர்.

ஏப்ரல் 29-ஆம் நாள் உள்துறை அமைச்சகம் ஓர் ஆணை பிறப்பித்தது. ஆங்காங்கே அகப்பட்டுக்கொண்ட புலம்பெயர் தொழிலாளர், திருத்தலப் பயணிகள், சுற்றுலாப் பயணிகள், மாணவர், மற்றையோர் ஆகியோர் ஊர் திரும்பலாம் என்பது அதன் கருத்து. நோயாளர் என்ற சொல் அப்பட்டியலில் இல்லை. அவர்கள் ‘மற்றையோர்’ ஆயினர். மே மாதத்தில் காட்பாடியிலிருந்து ஜார்க்கண்டுக்கும் வங்கத்துக்கும் தனி இரயில்கள் புறப்பட்டபோது அவற்றில் ஏறியோரில் பெரும்பகுதியினர் இந்த ‘மற்றையோரே’. வேடிக்கை என்னவெனில், இரயில்வேயார் நோயாளரை அறியாதவரல்லர். மூத்த குடிமக்கள் பயணத்தைத் தவிர்க்க வேண்டுமென்று மார்ச்சு 20 முதல் அவர்களுடைய கட்டணச் சலுகையை நிறுத்தியபோதும், மாணவர், மாற்றுத்திறனாளிகள், 11 வகை நோயாளர் ஆகியோர்க்கான சலுகையை மட்டும் தொடர்ந்து வைத்திருந்தனர். புற்றுநோய், சிறுநீரக நோய், தாலசீமியா முதலிய நோயுடையோர் பயணம் செய்தே தீரவேண்டியவர் என்பதை அறிந்து செய்த ஏற்பாடு அது. சலுகை நிலைத்தது, இரண்டு நாள் கழித்து வண்டி நின்றது.

நிற்க. நாள்பட்ட நோய் என்றால் என்ன என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். காய்ச்சல் வந்தவர் படுத்து எழுகிறார். நாள்பட்ட நோயுடையவரோ நாள்காட்டியோடு பிணைக்கப்பட்டவர். சிறுநீரகம் செயலிழந்தவர்க்கு வாரம் இருமுறையோ மும்முறையோ, முறைக்கு நான்கு மணி நேரம், குருதியைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் நடந்தாக வேண்டும். ஒரு முறை தவறினால் உடலில் நீர் தங்கி மூச்சு முட்டும். பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறும். தாலசீமியா உடைய குழந்தைக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை பிறர் குருதி ஏற்ற வேண்டும். முடக்கத்தில் கல்லூரிகளும் அலுவலகங்களும் மூடியதால் குருதிக்கொடை முகாம்கள் நின்றுபோயின. தாலசீமியா மிகுந்த நம் வங்கத்தில் அதன் வலி எத்தகையது என்பதைப் பெற்றோரே அறிவர். காசநோய் மருந்தை ஆறு மாதம் இடையறாது உண்ண வேண்டும். வலிப்பு நோய்க்கான மாத்திரையைச் சில நாள் விட்டாலே வலிப்பு திரும்பிவிடும். ‘இருபத்தொரு நாள் பொறுத்திருங்கள்’ என்ற வேண்டுகோளை இந்த நாள்காட்டி எப்படி ஏற்கும்?

ஏற்கவில்லை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. நாட்டின் 19 பெரிய மருத்துவமனைகளில் டயாலிசிஸ் செய்துவந்த 2,517 பேரைப் பற்றிச் சிறுநீரக மருத்துவர்கள் 2020-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். அவர்களுள் 710 பேர், அதாவது நூற்றுக்கு 28 பேர், ஒரு முறையேனும் டயாலிசிஸைத் தவறவிட்டனர். 69 பேருக்கு நெருக்கடி நிலையில் செய்ய வேண்டியதாயிற்று. 104 பேர் வருகையையே நிறுத்திவிட்டனர். வராதவர் என்ன ஆயினர் என்பதை அட்டவணை கூறாது, கூறவும் இயலாது.

புற்றுநோய் மருத்துவத்திலும் இதே காட்சிதான். 41 புற்றுநோய் மையங்களின் பதிவேடுகளை ஒப்பிட்ட ஆய்வு 2021-இல் வெளிவந்தது. 2019-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மே வரை அம்மையங்களுக்குப் புதிதாக வந்தோர் 1,12,270 பேர். 2020-இல் அதே மூன்று மாதங்களில் வந்தோர் 51,760 பேர். பெரிய அறுவைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. புற்றுக்கட்டி ஊரடங்கை மதித்து வளராமல் நின்றதா? இல்லை, கட்டியோடு மக்கள் வீட்டில் இருந்தனர். காசநோய்ப் பதிவு 2019-இல் 24.04 இலட்சமாக இருந்தது, 2020-இல் 18.05 இலட்சமாக இறங்கியது. ஆறு இலட்சம் பேர் குணமடைந்துவிட்டார்கள் என்று மகிழ்ந்தவர் எவருமிலர்.

நம் மாநிலத்தைப் பொறுத்தவரை, நாடு முழுவதற்குமான முடக்கம் தளர்ந்த பின்னும் ஏழை நோயாளர்க்கு முடக்கம் தளரவில்லை. கானிங், லட்சுமிகாந்தபூர், பொன்கான் முதலிய ஊர்களிலிருந்து சில ரூபாய்ச் சீட்டில் சியால்தாவுக்கு வந்து, இந்நகரத்து அரசு மருத்துவமனைகளில் மருத்துவம் பெற்றுத் திரும்பும் வழக்கம் பல்லாயிரவர்க்கு உண்டு. புறநகர் இரயில்கள் மார்ச்சில் நின்றவை, நவம்பர் 11-இல்தான் மீண்டும் ஓடின. அடுத்த ஆண்டு இரண்டாம் அலையின்போது மே 6-இல் மறுபடியும் நின்று அக்டோபர் இறுதியில் தொடங்கின. இரண்டையும் கூட்டினால் ஓராண்டுக்கும் மேல். மகிழுந்து உடையவர் மருத்துவமனைக்குச் சென்றார். புறநகர் வண்டியை நம்பியவர், இரயில்வே ஊழியர்க்கென ஓடிய தனி வண்டியில் அஞ்சி அஞ்சி ஏறினார், அல்லது வீட்டிலேயே இருந்தார். இதைக் குறித்து நாளேடுகள் எழுதியது மிகக் குறைவு என்பது நம் எண்ணம்.

மருந்தின் கதையொன்றும் இங்குச் சொல்லத்தக்கது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்னும் மாத்திரை, லூபஸ் நோயாளரும் முடக்குவாதம் உடையோரும் ஆண்டுக்கணக்கில் உண்டுவருவது. மார்ச்சு 22-ஆம் நாளிட்ட அறிவுரையில், மருத்துவப் பணியாளர் கொரோனாவுக்கு முன்காப்பாக இதனை உட்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டது. அவ்வளவுதான். தேவையில்லாதோரும் கடைகளில் வாங்கிக் குவித்தனர். தேவைப்பட்டோர் வெறுங்கையோடு திரும்பினர். நான்கு நாளில் மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று அரசு கட்டுப்படுத்தியது. பின்னர் நடந்த பெரிய ஆய்வுகள், மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளர்க்கு அம்மருந்தால் பயனில்லை என்று காட்டின. பயனுள்ளவர்க்குக் கிட்டாமல், பயனில்லாதவர்க்குப் போய்ச் சேர்ந்த மருந்து அது.

இந்நிலையில் மே 20-ஆம் நாள் உம்பன் புயல் சுந்தரவனக் கரையில் ஏறியது. ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. நகரின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்பொழுது நீரிழிவுடையோர் இல்லங்களில் எழுந்த கேள்வி ஒன்றே: குளிர்ப்பெட்டியில் உள்ள இன்சுலின் என்ன ஆகும்? திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை வெப்பத்தில் காக்க வேண்டும். திறந்ததைப் பெரும்பாலும் நான்கு வாரம்வரை வெளியில் வைக்கலாம், ஆனால் வைகாசி வெயிலில் வைக்கலாகாது. மூடிய மருந்துக் கடைகள், கிளைகள் மறித்த தெருக்கள், ஊரடங்கு வேறு. நம் மூதாட்டியர் சிலர் ஈரமணல் பரப்பிய மண்பானைக்குள் சிறு மண்கலத்தை வைத்து அதில் இன்சுலினைக் காத்தனர். பாட்டி வைத்தியம் என்று இதனைத் தள்ளிவிட வேண்டா. குளிர்ப்பெட்டி இல்லாத நாடுகளில் மருத்துவக் குழுவினரே பரிந்துரைக்கும் முறை அது.

இனி ஒரு சொல்லைப் பற்றி. ‘இணைநோய்’ என்னும் சொல் அவ்வாண்டில்தான் நாளேடுகள் வழியே நம் வீடுகளுக்குள் வந்தது. தமிழ்நாட்டு அரசின் அன்றாட அறிக்கையில் இறந்தவர் ஒவ்வொருவர்க்கும் நேரே நீரிழிவு, இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் என்று இணைநோய் குறிக்கப்பட்டிருக்கும். மேற்கு வங்க அரசோ ஏப்ரலில் ஒரு மருத்துவக் குழு அமைத்து, இறப்பு கொரோனாவாலா இணைநோயாலா என்று தீர்மானிக்கச் செய்தது. அம்மாத இறுதியில் வெளியான கணக்கின்படி, தொற்றோடு இறந்த 105 பேரில் 33 பேர் மட்டுமே கொரோனாவால் இறந்தவர். ஏனைய 72 பேர் தத்தம் பழைய நோயால் இறந்தவர், தொற்று தற்செயலானது. இதன் அரசியலுக்குள் நாம் புக விரும்பவில்லை. சொல்லை மட்டும் பாருங்கள். இருபது ஆண்டு ஒருவரோடு உண்டு உறங்கிய நோய் ‘இணை’ ஆகிறது. இருபது நாள் முன்பு வந்தது தலைமை நோய் ஆகிறது. செய்தி படிப்போர், ‘அவருக்கு ஏற்கெனவே சர்க்கரை இருந்ததாமே’ என்று ஆறுதலோடு தாளை மடிக்கின்றனர். டயாலிசிஸ் தவறி வீட்டில் இறந்தவரோ இவ்விரு பட்டியலிலும் இடம் பெறுவதில்லை. அவருக்குக் கொரோனா இல்லையே!

முடக்கமே கூடாது என்று நாம் வாதிட வரவில்லை. தொற்று இவர்களைத்தான் கடுமையாகத் தாக்கும் என்பது அன்றே தெரிந்திருந்தது. பரவலைத் தாமதப்படுத்தியதில் இவர்களுக்கும் நன்மை உண்டு. அரசு வாளாவிருக்கவும் இல்லை. மார்ச்சு 25-ஆம் நாளே தொலைவிலிருந்து மருத்துவம் பார்ப்பதற்கான நெறிமுறைகள் வெளியாயின. மறுநாள் மருந்துகளை வீட்டுக்கே கொண்டுதர இசைவளிக்கப்பட்டது. எச்.ஐ.வி. உடையோர்க்குச் சில மாதங்களுக்கு வேண்டிய மாத்திரைகளை ஒருசேர வழங்கினர். தன்னார்வலர் பலர் அவற்றைச் சுமந்து சென்று கொடுத்தனர். ஆயினும் தொலைமருத்துவத்தில் மார்பின் போன்ற மருந்துகளை எழுதித்தர இடமில்லை. புற்றுநோயின் கடைநிலையில் துடிப்பவர்க்கு வேண்டியது அதுவே. குருதியையும் தொலைபேசி வழியே ஏற்ற முடியாதன்றோ?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இந்தப் பாடத்திலிருந்து பிறந்தது என்று கொள்ளலாம். நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளையும், வீட்டிலேயே வயிற்றின் வழிச் செய்துகொள்ளும் டயாலிசிஸுக்கான பைகளையும் இல்லந்தேடிச் சென்று கொடுப்பது அதன் நோக்கம். நோயாளர் வழியைத் தேடுவதற்கு மாறாக, வழி நோயாளரைத் தேடிச் செல்கிறது.

புலம்பெயர்ந்த ஊரில் உற்றார் தொலைவில் இருக்க வாழும் நம் போன்றோர்க்குச் சங்கமே உற்றார். ஆதலின் செயற்குழுவின் முன் சிலவற்றை வைக்கிறோம். நம் உறுப்பினருள் யாருக்கு எந்தக் கிழமையில் டயாலிசிஸ், யாருக்கு இன்சுலின், யாருக்கு உயிர்க்காற்று உருளை என்ற குறிப்பு சங்கத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு தெருவிலும் வண்டியோட்டத் தெரிந்தவர் இருவர் பெயரும், குருதி வகையோடு கொடையாளர் பெயர்களும் அதனருகே இருக்க வேண்டும். ஒரு மாத மருந்து எப்பொழுதும் கையிருப்பில் இருப்பது நல்லது. ஆனால் ஆறு மாதத்துக்கு வாங்கி அடுக்கி அடுத்தவரைத் தவிக்கவிடலாகாது. மருந்துச் சீட்டில் வணிகப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரையும் எழுதித்தருமாறு மருத்துவரைக் கேளுங்கள். ஒரு நிறுவனத்தின் சரக்கு இல்லையெனில் மற்றொன்றைக் கேட்டு வாங்க அது உதவும்.

வேலூர் செல்லும் வங்க அன்பர்க்கு மொழிபெயர்த்து உதவ அன்று தாமாக முன்வந்தவர் பன்னிருவர். அந்தப் பணியைச் சங்கத்தின் நிலையான பணியாக்கி, எண்களை அச்சிட்டு, ஹவுரா நிலையத்தில் கொடுக்கலாம். நமக்கு வாழ்வளித்த மண்ணுக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறுகளுள் செலவு குறைந்தது இது. அரசுக்கும் இரயில்வேயார்க்கும் விடுக்க வேண்டிய விண்ணப்பம் ஒன்றுண்டு. சலுகைக்குரிய 11 வகை நோயாளர் பட்டியல் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இனி எக்காரணத்தால் வண்டிகள் நிறுத்தப்பட்டாலும், அப்பட்டியலில் உள்ளோர்க்கென ஒவ்வொரு தடத்திலும் நாளுக்கு ஒரு வண்டியேனும் ஓட வேண்டும். ஆணையில் ‘நோயாளர்’ என்ற சொல் பெயர் சொல்லி எழுதப்பட வேண்டும். இவ்விண்ணப்பத்தின் வரைவு ஆயத்தமாக இருக்கிறது. கையொப்பமிட விரும்புவோர்க்குச் செயலாளர் அதனைக் காட்டுவார்.

முன்சொன்ன குறிப்புக்கான பதிவேடு மண்டப வாயிலில் மேசைமேல் வைக்கப்பட்டுள்ளது. உணவுக்குச் செல்லும்போது எழுதிவிட்டுச் செல்லுங்கள். நோயின் பெயரைக் குறிக்கக் கூசுவோர் கிழமையையும் மருந்தின் பெயரையும் மட்டும் எழுதினால் போதும். பதிவேடு செயலாளர் அலமாரியில் பூட்டப்பட்டிருக்கும். பெற்றோரைத் தனியே ஊரில் விட்டு வந்திருப்போர் அவர்களுடைய விவரத்தையும் கடைசிப் பக்கங்களில் எழுதலாம்.